நாலு மீட்டர் முக்கோணம்

கம்பிக்கயிற்றின் கிரீஸ் வாசனை... எத்தனை சோப் போட்டாலும் சோறு பிசைகிற கையை விட்டுப் போகாது.

தூத்துக்குடி ஹார்பரில் ஒரு கான்ட்ராக்டரிடம் நான் டிரெய்னியாக இருந்த காலம். வேலை நிரந்தரமா இல்லையா என்று அந்த வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். அம்மா அதற்குள் நிரந்தரம் என்றே பாதித் தெருவுக்குச் சொல்லியிருந்தாள்.

அதற்கு முந்தின நாள் ஒரு நீளமான மரப்பெட்டியைக் கிரேனில் தூக்க வேண்டும். பெட்டியின் மேல் இரண்டு வளையங்கள், நடுவில் நாலு மீட்டர் இடைவெளி. வளையங்களிலிருந்து கிரேன் கொக்கிக்குப் போகும் இரண்டு கயிறும் நாலு நாலு மீட்டர்.

தூக்குவதற்கு முன் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். "கயிறு அமைக்கும் முக்கோணம் இருசமபக்கமாக இருக்க வேண்டும்" என்று அதில் ஒரு வரி. ஒரு கயிறு குட்டையானால் பெட்டி சாய்ந்துவிடும், அதற்காக.

பேசாமல் ஒரு டிக் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போட்டேனா? "சமபக்கம்" என்று எழுதிவைத்தேன். மூன்று பக்கமும் நாலு மீட்டராயிற்றே!

சேஃப்டி ஆபீசர் கிரேனையே நிறுத்திவிட்டார்.

"ஏலே, ரூல்ல என்ன போட்டிருக்கு? இருசமபக்கம். நீ எழுதிருக்கது சமபக்கம். பின்ன எப்படி தூக்குவ?"

"சார், ரெண்டு பக்கம் சமமா இருந்தா போதும்லா. இங்கன மூணும் சமம். அப்போ ரெண்டும் சமம்தான?"

"அது வேற, இது வேற. ரெண்டுன்னா ரெண்டுதான்."

தரையில் சாக்பீஸால் வரைந்துகூடக் காட்டினேன்.

"இருசமபக்கம் எல்லாமே சமபக்கம் ஆயிராது சார். ஆனா சமபக்கம் எல்லாமே இருசமபக்கம்தான். தூத்துக்குடிக்குள்ள இருக்க திரேஸ்புரத்துக்காரன் தூத்துக்குடிக்காரன் இல்லையா?"

"எனக்கே ஊர் சொல்லித் தாரியா?"

முடிந்தது கதை. குடோனிலிருந்து அஞ்சு மீட்டர் கயிறு வந்தது. கட்டியதை அவிழ்த்து, மறுபடி கட்டி... ஒன்றரை மணி நேரம் மொட்டை வெயிலில் நின்றோம். அதே பெட்டி, அதே கிரேன். இப்போது ஒரு பக்கம் நாலு, மற்ற இரண்டும் அஞ்சு. சாருக்குப் பரம திருப்தி.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டில் "பிடிவாதக்காரர்" என்று எழுதியிருந்தார். இன்னும் மூன்று மாதம் டிரெய்னி. அம்மாவால் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

இன்றைக்கு அந்த ஃபாரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான். ஃபாரம் இப்போது டேப்லெட்டில் வருகிறது. சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம்... ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அணைந்துவிடும். அப்போதாவது சண்டை போட எதிரே ஒரு மனுஷன் இருந்தார். இந்த டேப்லெட்டிடம் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போக முடியுமா?

போன வாரம் அந்த மனுஷனே போன் செய்தார். ரிட்டயராகி வீட்டில் இருக்கிறார்.

"ஏலே, விசயம் தெரியுமா? சமபக்க முக்கோணமும் இருசமபக்கம்தானாம்லா! பேத்தி புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அப்படியா சார்?"

"ஆமாலே. ஒங்க வேலைக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்."

மூணு மாசம் சார், மூணு மாசம்... தொண்டை வரைக்கும் வந்தது.

"தெரிஞ்சு வச்சுக்கிடுதேன் சார்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.