மல்லாட்டை மண்டியில் போர்த்துக்கீசிய வகுப்பு

செஞ்சிக் கடைவீதி மண்டியில் மல்லாட்டையை உடைத்துக் கடலையைப் பிரிக்கும் மெஷினை ஓட்டுவது என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. மண்டிக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பிரேசிலிலிருந்து ஒருவர் விதை மல்லாட்டை வாங்க வந்தார். போர்த்துக்கீசியம் தவிர வேறொன்றும் பேசத் தெரியாது. அவர் பேச்சைத் தமிழில் சொல்ல முதலாளி பாண்டிச்சேரியிலிருந்து ரொசாரியோவைக் கூட்டிவந்தார். கோவாக்காரர், போர்த்துக்கீசியர் கோவாவை விட்டுப் போனதும் வேலை போய், டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். வியாபாரம் முடிந்தால் மண்டியிலேயே நிரந்தர வேலை என்று பேச்சு.

விருந்தாளி உட்கார்ந்ததும் ஏதோ சொன்னார். ரொசாரியோ கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா சொல்றாரு?" என்றார் முதலாளி.

"ரயிலுக்கு பிரேசில்காரங்க மாதிரி 'ட்ரெங்'ங்கிறார் சார். 'கொம்போயு'ன்னு சொல்லணும். திருத்திட்டேன்."

"ரயிலு வந்துச்சா இல்லியா?"

"வந்துடுச்சு சார்."

"அப்புறம் இன்னா?"

டீ வந்தது.

"பால் வேணாமாம். ஆனா 'லெய்ச்சி'ங்கிறார். 'லெய்த்'துன்னு வாய்க்குள்ளயே முடிக்கணும். நான் லிஸ்பன் பாதிரியார்கிட்ட படிச்சவன் சார்."

"பாலு ரெண்டு ஊர்லயும் வெள்ளதான சார்?" என்றேன். முதலாளி முறைத்தார்.

விருந்தாளி ஒரு மல்லாட்டையை எடுத்து, தன் ஊரில் அதன் பெயரைச் சொன்னார். ரொசாரியோ அதையும் திருத்தி, தனக்குப் பின்னால் சொல்லச் சொல்லி விரலை ஆட்டினார். விருந்தாளி எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"மொதலாளி, போன வாரம் நீங்களும் இப்படித்தான எழுந்தீங்க" என்றேன்.

மெட்ராஸ் புரோக்கர் ஒருவர், "மல்லாட்டையா? வேர்க்கடலைன்னு சொல்லுங்கய்யா" என்று சிரித்துவிட, மூட்டையை வண்டியில் ஏற்றாமலேயே அவரைத் துரத்தியிருந்தார் முதலாளி. இப்போது ஒரு நிமிஷம் யோசித்தார்.

"ரொசாரியோ, அவரு ஊர்ல எப்படிப் பேசுவாங்களோ அப்படியே பேசி உக்காரச் சொல்லு."

"அது தப்பு சார்."

"தப்பாவே சொல்லு."

ரொசாரியோ வாசலைப் பார்த்தார். தன் வேலை தொப்பி மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். வேப்பெண்ணெய் குடிக்கிறவர் மாதிரி வாயைத் திறந்து, மல்லாட்டைக்கு விருந்தாளி சொன்ன சொல்லை அவர் ராகத்திலேயே இழுத்துச் சொன்னார். விருந்தாளி திரும்பினார். சரியில்லை என்று தலையாட்டிவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அதன் பிறகும் சொல்லச் சொன்னார். பாடம் முடிந்ததும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

வியாபாரம் முடிந்தது. ரொசாரியோவுக்கு வேலையும் கிடைத்தது. சரக்கு வாங்க வந்தவர் வாயில் எது வருகிறதோ, அன்றைக்கு அதுதான் சரியான உச்சரிப்பு. மண்டியில் நான் படித்த இலக்கணம் இவ்வளவுதான்.

சாயங்காலம் ரொசாரியோ பசியோடு நின்றிருந்தார். ஒரு வாழைப்பழத்தை நீட்டினேன்.

"பளம் சாப்பிடுங்க சார்."

"தம்பி, பளம் இல்ல, பழம்."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். "பழம் எங்கிட்ட இல்ல சார். பளம்தான் இருக்குது."

பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரி, பளமே குடு."