சாய்ந்த எழுத்து முனிரத்தினம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் முனிரத்தினத்துக்கு உலகத்தில் ஒரே ஓர் எழுத்துதான் தெரியும். தடித்த எழுத்து. அது போதாதென்று வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. அதுவும் போதாதென்று, முனைக்கு முனை செருப்பு மாட்டிவிட்டதுபோல் குட்டிக் குட்டிப் பாதம் வைத்த எழுத்து. கல்யாணப் பந்தியில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, பட்டு வேட்டியோடு தூணில் சாய்ந்து ஏப்பம் விடுகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். அதே லட்சணம்.

எழுத்தின்மேல் எனக்குப் பகை கிடையாது. புத்தகத்தில் பக்கம் முழுக்க நிமிர்ந்த எழுத்து அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு சொல் தடித்துச் சாய்ந்து நின்றால் கண் அங்கே நின்று பார்க்கும். பேச்சுக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் அழுத்திச் சொல்கிறோமே, அதுபோல. அதன் வேலை அவ்வளவுதான். முனிரத்தினமோ காதுகுத்து, கும்பாபிஷேகம், பிரியாணிக் கடைத் திறப்பு, மூல வைத்தியம் எல்லாவற்றையும் தலையிலிருந்து கால்வரை அதிலேயே அடித்துத் தள்ளினார். படித்தால் யாரோ வெற்றிலை எச்சில் தெறிக்கக் காதுக்குள் கத்துவதுபோல் இருக்கும். முகத்தைக் கழுவிக்கொள்ளலாமா என்று தோன்றும்.

அந்த பேனர்களைப் படித்துப் படித்தே ஊரில் பாதிப் பேருக்குக் கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டது. செங்கல்பட்டு பஸ்கூட அந்த முனை வந்தால் சாய்ந்துதான் திரும்பும். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். கழுத்துவலிக்கு எண்ணெய் தேய்க்க ஒருவர் கடை போட்டார். அவருக்கும் பேனர் அடித்தது முனிரத்தினம்தான். படித்துவிட்டு உள்ளே போனவர்கள் கூடுதல் வலியோடு போனார்கள்.

“நேரா நிக்கிற எயுத்து தூங்கிக்கினு கீது நைனா. சாஞ்சாத்தான் ஓடும்,” என்பார். அதே எழுத்தின் நிமிர்ந்த வடிவமும் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டார்.

போன மாசியில் காவாந்தண்டலத்தில் சுப்பிரமணி இறந்துபோனார். விவசாயி. வாலிபத்தில் நெல் ஏற்றிய டிரெய்லர் கவிழ்ந்ததில் இடுப்பு ஒடிந்து, அன்றிலிருந்து உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தவர். ஊருக்குள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘சாஞ்சவரு’ என்றால்தான் தெரியும். மகன் ஜெகன் கல்யாணத்தில் மட்டும் நாற்காலி முதுகைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஒரு படத்துக்காக நிமிர்ந்து நின்றார். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்பச் சொன்னாள் அவர் மனைவி சுலோச்சனா.

பேனரை முனிரத்தினமே கொண்டுவந்து தெருமுனையில் கட்டினார். அழுகையை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தாள் சுலோச்சனா. தங்க நிறத்தில், சிவப்புக் கரை போட்டு, சுப்பிரமணி என்ற பெயர் தள்ளாடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ரோஜாப்பூ மழை. அந்த எழுத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று முனிரத்தினம் படத்தையும் சாய்த்து வைத்திருந்தார்.

அவள் கத்தவில்லை.

“இன்னாப்பா இது?”

“டிசைன்க்கா. சோக்கா கீதுல்ல?”

“அவரு ஒரு நாளு நிமுந்து நின்னாரு. அதையும் சாச்சுப்புட்டியா?”

“யக்கா, எயுத்துக்கு மேட்ச்சா…”

“உங்க ஊட்டு எயுத்துல நெருப்ப வெக்க. நேரா எயுதிக்கினு வா. அதுவரைக்கும் பொணம் வூட்ட தாண்டாது.”

ஜெகன் அம்மாவின் தோளைத் தொட்டான். “யம்மா, பொயுது சாயறதுக்குள்ள எடுக்கணும்மா.”

“அப்ப அவன சீக்கிரமா போவச் சொல்லு.”

பறை மேளம் நின்றது. பாடை தயாராகக் கிடந்தது. பெரியவர்கள் சூரியனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முனிரத்தினம் பைக்கை உதைத்துக்கொண்டு போனார். கடையில் மிஞ்சியிருந்தது கம்ப்யூட்டரோடு வந்த ஒல்லி எழுத்து மட்டும். பாதமும் இல்லாமல், சதையும் இல்லாமல், நேராக நிற்கிற எழுத்து. ‘பட்டினி எழுத்து’ என்று அவர் காறித் துப்புவது அதைத்தான். துப்பிக்கொண்டே அதில் அடித்தார்.

வெயில் பனைமரத் தலைக்கு இறங்கியபோது புது பேனர் வந்தது. வெள்ளைத் துணிபோல் வெறும் தளம். கறுப்பில் பெயர். நடுவில் சுப்பிரமணி நேராக நின்றார். நாற்காலியைப் பிடித்த கைகூடத் தெரிந்தது. சுலோச்சனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம்தான் எல்லாருடைய கண்ணும் கீழே போனது. அடி ஓரத்தில், தடித்து, சாய்ந்து, பாதம் பரப்பி, தங்க நிறத்தில் ஒரே ஒரு வரி: முனிரத்தினம் டிஜிட்டல்ஸ், செல் நம்பரோடு. தன் ஆயுளில் முதல்முறையாக அந்த எழுத்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்திருந்தார் மனுஷன். வைத்தது ஒரு சாவின் காலடியில்.

“கடபேரு போடலன்னா யாரு அடிச்சதுன்னு தெரியாதுல்லக்கா,” என்றார், ஒரு கூச்சமும் இல்லாமல்.

சுலோச்சனா உள்ளே போய் அரிவாளோடு வந்தாள். முனிரத்தினம் பைக்குக்குப் பின்னால் ஒதுங்கினார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்காமல், பேனரின் அடி ஓரத்தை மட்டும் சர்ரென்று அறுத்துக் கீழே போட்டாள்.

“இப்ப எடுங்க,” என்றாள்.

மேளம் மறுபடி தொடங்கியது.

அறுத்த துண்டை யாரோ தங்கள் வீட்டுக் கோழிக்கூண்டின்மேல் மழைக்குப் போர்த்திவிட்டார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் செல் நம்பர் பளிச்சென்று தெரிகிறது. கோழி எச்சம் அதன்மேல் வழிந்து காய்ந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டும் பேனருக்கு ஆர்டர் கொடுக்கிறார்களாம்.