பாலத்தில் நிறுத்திப் பார்த்த வண்டி

என் நாத்தனார் மேகலாவைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு: அவளுக்குத் தேங்காய் விற்றவன் மறுநாள் கடை திறக்க மாட்டான். அப்படித் தட்டித் தட்டிப் பார்ப்பாளாம். பேசுகிறவர்கள் பேசட்டும். அவளோடு வண்டி வாங்கப் போனவள் நான், ஷோபனா. நடந்ததைச் சொல்ல எனக்குத்தான் உரிமை.

நன்னிலம் பக்கத்தில் மேகலாவும் அவள் கணவர் ராஜராஜன் அண்ணனும் இயந்திர நடவுக்கு நாற்று வளர்த்துக் கொடுக்கிறார்கள். பாய் போலச் சுருட்டி எடுக்கிற நாற்று. எடுத்த அன்றே வயலுக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் சுருளுக்குள்ளேயே வெந்துவிடும். போன குறுவையில் வாடகை வண்டி பாதி வழியில் படுத்துவிட்டது. துரைராசு என்ற விவசாயிக்குப் போக வேண்டிய நாற்று முழுவதும் சாலையோரத்தில் மஞ்சளாகிப் போனது. மனிதர் திட்டவில்லை. பேசாமல் வேறு ஆளிடம் வாங்கிக்கொண்டார், அதுதான் கொடுமை. அவரைப் பார்த்து இன்னும் சிலரும் நழுவினார்கள்.

அண்ணன் சிங்கப்பூரில் பல வருடம் உழைத்துவிட்டு வந்தவர். சொந்த வண்டி வாங்கி இந்தக் குறுவையை ஒழுங்காக முடித்தால் ஊரோடு இருக்கலாம். இந்த வண்டியும் படுத்தால் தொழில் போச்சு, மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர இருவருக்கும் அது தெரியும். கையிலிருந்த பணத்துக்குப் பழைய பிக்கப் வண்டிதான் கட்டுப்படியாகும்.

முதலில் மயிலாடுதுறை போனோம். புரோக்கர் காட்டிய வண்டி சந்தனப் பொட்டும் எலுமிச்சம்பழ மாலையுமாக நின்றது. மீட்டரில் எழுபதாயிரம் கிலோமீட்டர்தான். அண்ணன் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர். அப்போதே சாவிக்குக் கையை நீட்டினார்.

மேகலா பானட் மேல் உள்ளங்கையை வைத்தாள். “சூடா இருக்கே. எங்க போயிட்டு வந்துச்சு?”

“உங்களுக்காகத்தாம்மா ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தேன்,” என்றார் புரோக்கர்.

“ஆறிக் கெடக்குற என்ஜின் எப்படிப் புடிக்குதுன்னுதாங்க பாக்கணும். மாத்திரையைக் குடுத்துட்டுக் காய்ச்சல் இல்லன்னு காட்டுனா எப்படி?”

அடுத்து குனிந்து பெடலைப் பார்த்தாள். ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. “எழுபதாயிரத்துக்கு இவ்வளவு தேயாதுங்க. மீட்டரை யாரோ திருப்பியிருக்காங்க,” என்றாள்.

அண்ணன் நெளிந்தார். “விடு மேகலா. அவர் சங்கடப்படுறாரு.”

“தானமா வந்த மாட்டைத்தாங்க பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாது. இது நாம வாங்குறது.”

எங்கள் பக்கத்து ஜனங்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. கடைத்தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வெண்ணெய் மாதிரி போகுது என்று முடித்துவிடுவார்கள். போகாமல் என்ன செய்யும்? மேடு பள்ளமே இல்லாத பூமி. இங்கே ஏற்றம் என்றால் பாலம்தான், ஆற்றங்கரைதான். மேகலா பக்கத்து உரக்கடையில் கேட்டு மூட்டைகளை ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு ரயில்வே மேம்பாலத்துக்குப் போனாள். பாதி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுத்தாள். என்ஜின் கத்தியது, சக்கரம் நகரவில்லை. கிளட்ச் கருகிய நாற்றம் வந்தது. வண்டி பின்னால் சரிய, மூட்டை மேல் உட்கார்ந்திருந்த நான் முருகனைக் கூப்பிட்டேன்.

“கிளட்ச் மட்டும் மாத்திட்டாப் போதும்மா,” என்றார் கூடவே ஏறி வந்திருந்த புரோக்கர்.

“மாத்திட்டு வேற யாருக்காவது வித்துக்குங்க.”

அடுத்தது தரங்கம்பாடி. மீன் வியாபாரி மரியஅந்தோணியின் வண்டி. மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டியது, மறைக்காமல் மீட்டரிலேயே இருந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். “மீன் வண்டியா? உப்புத் தண்ணி ஒழுகி அடியில இருக்குற சேஸிஸையே தின்னுருக்கும்,” என்றார் அண்ணன். ஊரே சொல்வது அதுதான், அதில் பொய்யும் இல்லை.

மேகலா சாக்கை விரித்து அடியில் புகுந்தாள். ஸ்பேனரால் ஓர் இடம் விடாமல் தட்டினாள். எங்குமே இரும்பு உதிரவில்லை. வெளியே வந்து, “அண்ணே, அடியில என்ன அடிச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“மீன்புடி போட்டுக்கு அடிக்கிற பெயிண்டுதாம்மா. வருசா வருசம் போட்டைக் கரையேத்தி அடிக்கும்போது இதுக்கும் அடிச்சிருவேன். ஐஸ் தண்ணி கீழ சிந்தாம பின்பக்கமா குழாய் விட்டிருக்கேன். முன்பக்க ஸ்பிரிங் வில் பட்டை மாத்தணும். செகண்ட் கியர் காலையில முரண்டு பண்ணும். தெரிஞ்சு வாங்கிக்குங்க.”

கேட்காமலே குறையைச் சொன்ன ஆளை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதற்காகப் பரிசோதனையை விட்டுவிடுவாளா? பானட் குளிர்ந்து கிடந்தது. முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்தது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தாள், புகை தள்ளவில்லை. சேஸிஸில் பொறித்த எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டாள். கடைசியில் மீன் பெட்டிகளோடு ஆற்றுப் பாலத்தில் ஏறி, நடுவில் நிறுத்தி எடுத்தாள். வண்டி ஒரு முனகலோடு ஏறிப் போயே போய்விட்டது. மரியஅந்தோணிக்கே பெருமை தாங்கவில்லை.

அந்த மீன் வண்டியையே வாங்கி வந்ததற்கு ஊரில் சிரித்தார்கள். வண்டி நின்ற இடமெல்லாம் பூனை வந்தது. மேகலா வில் பட்டையை மாற்றினாள், பூனைகளை விரட்டவில்லை.

குறுவை நடவு மும்முரத்தில் துரைராசுவே போன் செய்தார். அவருக்கு நாற்று தருவதாகச் சொன்ன ஆள் கையை விரித்துவிட்டானாம். அவர் வயல் ஆற்றங்கரைக்கு அந்தப் பக்கம். மழை தூறிக்கொண்டிருந்தது. முழு பாரத்தோடு அண்ணன் கரையேறும்போது குறுக்கே மாடுகள் வந்து பாதியில் நிற்க வேண்டியதாயிற்று. பின்னால் சுருள்களோடு இருந்த நானும் மேகலாவும் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டோம். மாடுகள் விலகியதும் வண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஏறி இறங்கி, வரப்போரம் போய் நின்றது. நாற்று பச்சைப்பசேலென்று இருந்தது. துரைராசு ஒரு சுருளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “மிச்ச நெலத்துக்கும் நீங்களே குடுத்துருங்க,” என்றார்.

சுருள்களை இறக்கும்போது அண்ணனின் போன் அடித்தது. சேற்றுக் கையோடு ஸ்பீக்கரில் போட்டார். சிங்கப்பூர் வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட். “இடம் ஒண்ணு இருக்கு சார். பாஸ்போர்ட்டோட வர்றீங்களா?”

மேகலாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“வேற ஆளைப் பாருங்க தம்பி,” என்றார் அண்ணன். “எனக்கு இங்க லோடு இருக்கு.”

அவள் அழுதுவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பேசுனது போதுங்க, அந்தப் பக்கத்தைப் புடிங்க,” என்றாள். அண்ணன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுச் சுருளின் மறுமுனையைப் பிடித்தார்.