நீலத் தோல் என்று நாங்கள் நம்பிய நிலா

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தே வயதாகிவிட்டவளுக்கு, கையெழுத்துப் போடுவதைத் தாண்டி எதையும் எழுத அவசியம் வந்ததில்லை. நாலு பேர் முன்னால் பேசுவதும் எனக்கு வராது. சின்ன வயதில் ஒரே ஒரு முறை அப்படிப் பேசியிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் நாற்றம் நின்றுபோனது. பேரணாம்பட்டுக்குள் பஸ் நுழையும்போதே வெளியூர்க்காரர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். ஊறப்போட்ட தோலும் சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்த அந்த வாடை எங்களுக்கோ இருப்பதே தெரியாது. கழிவுநீரைச் சுத்தம் செய்யாத தொழிற்சாலைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்து, அப்பா வேலை செய்த தோல் கம்பெனியின் இரும்பு கேட்டில் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்துச் சில வாரங்கள் ஆனபின், ஒரு நாள் காலையில் வாசல் தெளிக்கப் போன அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள். "இன்னாங்க, ஒண்ணுமே வரல" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். காற்று அவ்வளவு சுத்தமாக இருந்தது. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் பயம் வந்து உட்கார்ந்தது.

அப்பாவுக்குக் கம்பெனியில் "செலக்ஷன்" வேலை. குரோமில் பதப்படுத்தி ஈரத்தோடு வெளியே வரும் தோல் வெளுத்த நீல நிறத்தில் இருக்கும், அதற்கு "வெட் ப்ளூ" என்று பெயர். அதை மேசைமேல் விரித்து, நரம்பு ஓடியிருக்கிறதா, முள் கிழித்திருக்கிறதா, உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா என்று பார்த்து ரகம் பிரிப்பார். அவருடைய நகக்கண்ணில் எப்போதும் ஒரு நீலம் இருக்கும், எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. கம்பெனி மூடிக் கிடந்த மாதங்களில் அந்த நகங்கள் வளர வளர நீலம் நுனிக்குத் தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் அவர் நகம் வெட்டியபோது மொத்தமும் உதிர்ந்துவிட்டது. யாரோ பெரிய உத்தியோகக்காரர் கை மாதிரி இருந்த அந்தக் கையைப் பார்த்து அம்மா அழுதாள்.

உத்தரவு போட்டவர்களைத் திட்டவும் எங்களால் முடியவில்லை. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அதில் அரிசி களைந்தால் சோறு உப்புக் கரித்தது. கம்பெனி திறந்திருந்தால் தண்ணீர் இல்லை, மூடியிருந்தால் சோறு இல்லை என்கிற நிலைமையில் யாரை நல்லவன் என்பது, யாரைக் கெட்டவன் என்பது?

முதலில் பித்தளைப் பாத்திரங்கள் போயின. பிறகு அம்மா பீடி சுற்றப் போனாள். கடைசியில் கோமளா என்கிற புரோக்கர் அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்து நூல் மில்லுக்குப் பெண்களைச் சேர்த்து அனுப்புவது அவள் தொழில். அங்கேயே தங்கி, வருஷக்கணக்கில் வெளியே வராமல் வேலை செய்ய வேண்டும். என் அக்கா செல்வி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ட்ரெயினிங் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், சுவரில் கரிக்கட்டியால் எழுதி எனக்குக் கணக்குச் சொல்லித் தருவாள். செவ்வாய்க்கிழமை காலை அவள் மற்றப் பெண்களோடு காட்பாடியில் ரயில் ஏற வேண்டும் என்று முடிவாயிற்று. அக்கா ஒரு ரெக்சின் பையில் துணிகளை மடித்து வைத்தாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் முதல் நாள் செய்தித்தாளின் வண்ணப் பக்கத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து தூக்கிப் பிடித்தார். ஒரு விண்கலம் வெகுதூரத்திலிருந்து எடுத்து அனுப்பிய படம். படம் முழுவதும் வெளுத்த நீலம், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்புக் கோடுகள்.

"இது என்னன்னு தெரியுதா?" என்றார்.

"தோலு டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்குப் புதிது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வியாழன் கிரகத்துக்கு யூரோப்பா என்று ஒரு நிலா இருக்கிறது, இது அதன் தரை, முழுக்கப் பனிக்கட்டி, அந்தக் கோடுகள் பனியில் விழுந்த வெடிப்புகள், அதற்கு அடியில் பெரிய கடல் இருக்கலாம் என்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "நரம்பு ஜாஸ்தி டீச்சர், ரெண்டாம் ரகம்தான் போவும்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். டீச்சர் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால், வீடு வேறு மாதிரி இருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்தது. அக்காவின் ரெக்சின் பை சுவரில் வெறும் பையாகத் தொங்கியது. துணியெல்லாம் பழையபடி பெட்டிக்குள் போயிருந்தது. அம்மா என்னைப் பார்த்ததும், "கம்பெனி தொறக்கறாங்கடி! பேப்பர்லயே போட்டுட்டானாம். அப்பா காலையிலயே போய்ட்டாரு, கேட்டாண்டதான் எல்லாரும் நிக்கறாங்க, இந்தச் சோத்தக் குடுத்துட்டு வா" என்று தூக்கைக் கையில் திணித்தாள். கோமளா வீட்டுக்கு அப்பாவே நேரில் போய், "எம் பொண்ணு வரமாட்டா, வேற ஆளப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அக்கா என் பின்னலைப் பிடித்து இழுத்து, "ட்ரெயினிங் முடிச்சிட்டு ஒங்க ஸ்கூலுக்கே டீச்சரா வர்றேன், மொதல்ல ஒன்னத்தான் பெஞ்சு மேல ஏத்துவேன்" என்றாள்.

நான் ஓடினேன். தூக்கிலிருந்து குழம்பு சிந்தியது.

கேட்டுக்கு முன்னால் அத்தனை பேர். சுத்தமான சட்டை போட்டிருந்தார்கள்; சிலர் வேலைக்குக் கட்டும் ரப்பர் ஏப்ரனைக்கூட மடித்து அக்குளில் வைத்திருந்தார்கள். அப்பாவோடு வேலை செய்த ஏழுமலை மாமா நடுவில் நின்று, அட்டையில் ஒட்டிய ஒரு படத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். அதே படம்.

நடந்தது இதுதான். டீக்கடை பாய் வண்ணப் படம் அழகாக இருக்கிறதே என்று, கீழே எழுதியிருந்ததையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டுப் படத்தை மட்டும் அட்டையில் ஒட்டிக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். விடியற்காலை டீ குடிக்கப் போன ஏழுமலை மாமா, "இன்னா பாய், வெட் ப்ளூ படம் மாட்டிக்கீற?" என்று கேட்க, பாய் "பேப்பர்ல வந்துச்சு" என்றார். பேப்பரில் தோல் படம் சும்மா போடுவானா? போன வாரம் முதலாளி வீட்டுக் கார் இந்தப் பக்கம் வந்ததை வேறு யாரோ பார்த்திருந்தார்கள். அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். அப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, சாய்த்துப் பார்த்து, விரலால் அந்தக் கோடுகளைத் தடவி, "வெட் ப்ளூதான். மாட்டுத் தோலு. புதுச் சரக்கு" என்று சொல்லிவிட்டார். தோல் விஷயத்தில் அப்பா சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

"இங்க பாரு, கழுத்துப் பக்கம் எப்டி சுருங்கிக்கீது" என்று ஒருவர் சொன்னார். "நம்ம கம்பெனி சரக்கேதான்" என்றார் இன்னொருவர்.

அத்தனை ஆண்களுக்கு நடுவில் எப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "அப்பா, அது தோல் இல்லப்பா. நிலா" என்றேன்.

"இன்னாம்மா?"

"நிலாப்பா. டீச்சர் காமிச்சாங்க. வியாழனோட நிலா. அது பனிக்கட்டி."

யாரோ சிரித்தார்கள். "வெயில் ஏறிப் போச்சு பாப்பாவுக்கு" என்றார் ஏழுமலை மாமா. ஆனால் அப்பா சிரிக்கவில்லை. நான் வீட்டில் பேசுவதே குறைவு, பொய் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை சைக்கிளில் வந்தார். கூட்டத்தைப் பார்த்து நின்று, நான் சொன்னதை அப்பாவிடம் கேட்டு, அட்டையை வாங்கிப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எதிரே நின்ற முகங்களைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டு, "பாப்பா சொல்றது கரெக்ட்டுப்பா, நானும் பேப்பர்ல படிச்சேன். கம்பெனியப் பத்தி ஒரு தகவலும் இல்ல" என்றார்.

ஏழுமலை மாமாதான் முதலில் வாய் திறந்தார்: "அவ்ளோ தூரம் போய் நம்ம வயித்தெரிச்சலத்தான் படம் புடிக்கணுமா அவன்?" ஒரு வயதானவர் என்னிடம், "ஏம்மா, அங்க தண்ணி கீதா?" என்று கேட்டார். பனிக்கு அடியில் கடல் இருக்கலாமாம் என்றேன். "நல்ல தண்ணியா?" என்றார். "நல்ல தண்ணியாத்தான் இருக்கும். அங்கதான் நாம இல்லயே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அதற்கப்புறம் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம்.

ஆச்சரியம் என்னவென்றால், ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நிலா என்று தெரிந்த பிறகும், பொழுது சாயும்வரை அந்தப் பூட்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சோற்றைத் தொடவில்லை. படத்தை மடியில் வைத்து மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே தப்புவிட்டோம் என்று தேடுவதுபோல.

சாயங்காலம் அவர் என்னையும் கூட்டிக்கொண்டு கோமளா வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நின்றார். "காலையில இன்னா வீறாப்பு பேசின! இப்போ எதுக்கு வந்து நிக்கற? ஓம் பொண்ணு எடத்துக்கு வேற பொண்ணு சொல்லியாச்சு" என்றாள் கோமளா. அப்பா, "தப்பாப் பாத்துட்டம்மா" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இன்னது என்று அவளுக்கு விளங்கவில்லை, அவரும் விளக்கவில்லை. பெற்ற மகளைத் தூர தேசத்துக்கு அனுப்பக் கூடாதென்று கெஞ்சுகிற அப்பாக்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அனுப்பச் சொல்லிக் கெஞ்சிய அப்பாவைப் பார்த்தவள் நான். கடைசியில் கோமளா, "சரி, வந்து தொலையட்டும், நெருக்கி உட்கார வெச்சிக்கறேன்" என்றாள்.

வீட்டில் அக்கா பெட்டியைத் திறந்து துணிகளைத் திரும்பவும் பையில் வைத்தாள். "வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் வாயத் தொறப்ப. அதையும் இன்னிக்கேவா தொறக்கணும்?" என்று என் தலையில் குட்டினாள். குட்டிவிட்டு அவளே சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த நிலா கோயம்புத்தூர்ல தெரியுமாடி?" என்று கேட்டாள். வெறும் கண்ணுக்கு எங்கேயுமே தெரியாது என்றேன். "அப்போ பரவால்ல" என்றாள்.

அந்தக் கம்பெனி பிறகு திறக்கவே இல்லை. அந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. கிணற்றின்மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடிவிட்டார்கள். குடிக்கக் கேன் தண்ணீர் வருகிறது. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. கடைசிவரை அவர் நகங்களில் நீலம் ஏறவில்லை. அக்கா படிப்பை விட்டது விட்டதுதான். மில் இரைச்சலில் காது மந்தமாகி, அங்கேயே கல்யாணமாகி, போனில் பேசினால் கத்திப் பேசுகிறாள்.

போன வாரம் என் மகன் செல்போனில் அந்த நிலாவின் புதுப் படத்தைக் காட்டினான். இப்போது இன்னொரு விண்கலம் அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறதாம். கீழே ஊர் உலகமெல்லாம் ஏதேதோ எழுதியிருந்தது. கண் மாதிரி இருக்கிறது என்று ஒருவர், எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தது என்று ஒருவர், இங்கே சோற்றுக்கே வழியில்லை இதற்கு இவ்வளவு செலவா என்று ஒருவர். தோல் மாதிரி இருக்கிறது என்று ஒருவர்கூட எழுதவில்லை. நான் படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்ஸில் அக்கா காட்பாடிக்குப் போனாள். நான் பள்ளிக்கூடம் போனேன். அறிவிப்புப் பலகையில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு படம் ஒட்டியிருந்தார்கள்.