சாரணையும் மூக்கிரட்டையும்

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்குள் சிக்குன்குனியா புகுந்தபோது, எங்கள் வீட்டில் என்னை மட்டும் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது. விரல்களைத்தான் விடவில்லை. காலையில் எழுந்தால் இரண்டு கைகளும் மடங்காமல் கட்டை மாதிரி கிடக்கும். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து காலமெல்லாம் ரவிக்கை தைத்தவள் நான். கத்திரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைக்க முடியாமல் போனதும், வெட்டாமல் கிடந்த துணிகளை மடித்து அவரவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "மாசக்கணக்குல ஆவும்மா, பொறுத்துக்கணும்" என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தையல் மெஷின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போர்த்தி வைத்தேன். கண்ணில் படும்போதெல்லாம் அங்கே யாரோ உடம்பு முடியாமல் படுத்திருப்பது போல இருக்கும்.

அந்த நாட்களில்தான் மருமகளும் வந்து சேர்ந்தாள். என் மகன் ஒரகடத்தில் கார் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். இருவரும் அங்கேயே வாடகை வீட்டில் இருந்தார்கள். ஐந்தாவது மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்துவிட்டது. வளவனூரில் அவளுடைய அப்பாவும் அண்ணனும் மட்டும்தான்; அம்மா இல்லாத பெண். மகன் அவளை எங்களிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே பஸ் ஏறினான்.

என் கணவர் மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். விடிவதற்குள் கிளம்பிவிடுவார். பகல் முழுக்க வீட்டில் நானும் அவளும்தான். அதற்கு முன் பண்டிகைக்கு வந்து போகிற அளவில்தான் எங்களுக்குள் பழக்கம். "சாப்டியாம்மா?" என்பேன். "சாப்ட்டேன் அத்த" என்பாள். அதோடு சரி. நடந்ததைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் விரல்களைப் பற்றி என்ன கேட்பது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

பின்பக்கத்து இடத்தை அந்த வருடம் யாரும் கவனிக்கவில்லை. மழை நின்றபோது இடுப்பளவு புதர். என் கணவர் ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, "ஞாயித்துக்கிழம மருந்தடிக்க ஆள் வரான். பாம்பு கீம்பு வந்தா பேஜாராப் பூடும்" என்றார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் மருமகள் துணி காயப்போடப் போனவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கம்பிவேலி ஓரம் நின்று, ஒரு கொடியின் காயைப் பறித்துப் பறித்து உள்ளங்கையில் வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். 'பட்' என்று வெடித்தது. பலூன் போல உப்பிய பச்சைக் காய். நான் வந்ததைப் பார்த்ததும் தப்பு செய்தவள் மாதிரி கையை இறக்கினாள்.

"அத்த, இது முடக்கத்தான் தானே? விழுப்புரம் மார்க்கெட்ல கட்டு கட்டா வச்சிக்கினு விப்பாங்க."

"தெரியலயேம்மா. கட்டாத்தான் பாத்துருக்கேன். கொடியோட பாத்ததில்ல."

அவள் போனில் தேடினாள். காய்ந்த காயை உடைத்தால் உள்ளே கறுப்பு விதை இருக்கும், அதன் மேல் வெள்ளையாக இதய வடிவில் ஒரு புள்ளி இருக்கும் என்று அதில் போட்டிருந்தது. கொடியின் அடியில் காகிதம் போலச் சுருங்கிய ஒரு காயைத் தேடி எடுத்தாள். என் விரலால் உடைக்க முடியவில்லை. அவளே உடைத்து விதைகளை என் உள்ளங்கையில் கொட்டினாள். மிளகு மாதிரி கறுப்பு. ஒவ்வொன்றின் மேலும் கச்சிதமாக ஒரு வெள்ளை ஹார்ட்டு.

"யாரோ பெயின்ட் அடிச்சி வச்சாப்ல கீது அத்த" என்று சொல்லிச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசை நல்லது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அரிசியோடு சேர்த்து அரைத்தாள். மாவு பச்சைப் பசேல் என்று வந்தது. "இன்னா இது, லேசா கசக்குது" என்று கேட்டுக்கொண்டே என் கணவர் தட்டைக் காலி செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால், முதுகில் ஸ்பிரேயரோடு ஆள் வாசலில் நிற்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் போய் முன்னால் நின்றுவிட்டாள்.

"மாமா, மருந்தடிச்சா அப்புறம் அதுல இருந்து எதையும் வாயில வைக்க முடியாது. அத்த கைக்கு அந்தத் தழ வேணும்."

"பாம்பு வந்தா யாரு பாக்குறது?"

"பாத்ரூம் பக்கமும் நடக்குற வழியும் நானே அறுத்துடறேன். வேலியோரம் மட்டும் வுடுங்க மாமா."

மாமனாரிடம் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதே கிடையாது. அவரும் அசந்துபோய், வந்தவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அன்று சாயந்திரம் தானே அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கிப் பாதி வழியை அறுத்தும் கொடுத்தார்.

அதற்கப்புறம் காலைப்பொழுது எங்களுக்கு அந்த வேலியோரத்தில்தான் போனது. அவள் குனிந்து பறிப்பாள், நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். பாதிச் செடிகளுக்குப் பேர் தெரியாது. போனில் படம் பிடித்துப் போட்டால், அது வாயில் நுழையாத பேர் ஒன்றைச் சொல்லும். அதே செடியை வேறு பக்கமாகப் பிடித்தால் வேறொரு பேர் சொல்லும். எனக்கு ஒன்று மட்டும் கைவந்தது. துணியின் நல்ல பக்கம், கெட்ட பக்கம் பார்த்துப் பழகிய கண் என்பதால் எந்த இலையையும் முதலில் திருப்பிப் பார்ப்பேன். அப்படித்தான் கீழாநெல்லியைக் கண்டுபிடித்தோம். மேலே பார்த்தால் சாதாரண இலை. திருப்பினால் காம்பு நெடுக மணி மணியாகக் காய். குப்பைமேனி, தும்பை, அம்மான் பச்சரிசி என்று ஒவ்வொன்றாகப் பேர் தெரியத் தெரிய, புதர் என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் தெரிந்த முகங்கள் கூடின. அவள் ஐஸ் குச்சிகளில் பேர் எழுதிச் செடிக்குப் பக்கத்தில் நட்டு வைத்தாள்.

எல்லாம் தெரிந்துவிட்டது என்கிற நினைப்பில்தான் அந்தத் தப்பு நடந்தது.

தரையோடு படர்ந்திருந்த ஒரு செடியை மூக்கிரட்டை என்று முடிவு செய்தோம். வட்ட இலை, சிவந்த தண்டு, ரோஸ் நிறத்தில் சின்னப் பூ. போன் சொன்னதும் அதுதான். ஒரு முறம் நிறையப் பறித்து, பருப்பு போட்டுப் பொரியல் செய்தாள். நன்றாகத்தான் இருந்தது. என் கணவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அவர் லோடு ஏற்றப் போகவில்லை. பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். எனக்கும் அவளுக்கும் வயிறு லேசாகக் கலக்கியதோடு சரி. உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தோம். "இன்னாத்த அவிச்சிப் போட்டீங்க ரெண்டு பேரும்? ஜல்தி சொல்லுங்க, செத்தா எந்தத் தழையால செத்தேன்னு எழுதுறதுன்னு தெரியணும்ல" என்று அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். மருமகளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான் போய்ப் பார்த்தபோது ஐஸ் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"வுட்டுடும்மா. வயித்துப்போக்குதானே, சாயந்திரத்துக்குள்ள சரியாப் பூடும்."

"நான் தொட்டது எதுவும் நல்லா வராது அத்த" என்றாள். சொல்லிவிட்டுக் குச்சிகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாத்தையும் ஒழுங்காத்தான் பண்ணேன். மாத்திர போட்டேன், வெயிட்டு தூக்கல, வண்டில போகல. அப்பவும் போயிடுச்சி."

அவள் எந்தக் கீரையைப் பற்றியும் பேசவில்லை என்பது எனக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் மடங்கவே கஷ்டமாக இருந்தது.

"ஒரு தழைய மாத்திப் பறிச்சிட்டோம். அது நாம பண்ணது, ரெண்டு பேரும் சேந்து பண்ணது. கொழந்த போனது நீ பண்ணதில்லம்மா. அது வேற, இது வேற. ரெண்டையும் ஒண்ணாச் சேத்து முடி போடாத."

அவள் அழுதாள். நானும்தான் அழுதேன். உள்ளேயிருந்து அவர், "தண்ணி குடுங்கப்பா யாராவது" என்று கத்தவும் இருவரும் எழுந்து ஓடினோம்.

அவருக்குச் சரியானதும் ஒரு துணிப்பை நிறையச் செடிகளை வேரோடு எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியின் சித்தா பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்தவர் என் மகன் வயதுகூட இருக்காத ஒரு பெண் டாக்டர். கூட்டம் குறையும் வரை காத்திருந்துவிட்டு, விஷயத்தைச் சொல்லிப் பையைத் திறந்தோம். அவர் சிரித்துக்கொண்டே மேஜையில் செய்தித்தாளை விரித்தார்.

"நீங்க சாப்ட்டது சாரணை. அதுவும் கீரைதான், விஷமில்ல. எளசா கொஞ்சமா சாப்ட்டா ஒண்ணும் பண்ணாது. முத்தினத நெறைய சாப்ட்டா வயித்தக் கலக்கும். இதையும் மூக்கிரட்டையையும் மாத்திப் பறிக்கிறது சகஜம். பூவப் பாருங்க. சாரணைல பூ இலையும் தண்டும் சேர்ற எடத்துலயே ஒட்டிக்கினு இருக்கும். மூக்கிரட்டைல மெல்லிசா ஒரு காம்பு நீண்டு, அது நுனியில கொத்தாப் பூக்கும். காய் பொடவைல ஒட்டும்."

பைக்குள் தேடினோம். நிஜமான மூக்கிரட்டையும் அதில் இருந்தது. ஒன்றும் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறோம். என் புடவைத் தலைப்பில்கூட அதன் காய் ஒட்டியிருந்தது.

என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். "முடக்கத்தான் தோச சாப்டுங்க, நல்லதுதான். ஆனா மாத்திரைய நிறுத்தாதீங்க. வெந்நீர்ல கைய வச்சி மடக்கி மடக்கி நீட்டுங்க" என்றார். குணமாகிவிடும் என்று அடித்துச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

நாங்கள் எழுந்த பிறகும் மருமகள் நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்: "மேடம், அஞ்சாம் மாசத்துல கலஞ்சிடுச்சி. அடுத்தது தங்குமா? ஏதாச்சும் கஷாயம் இருக்குதா?"

டாக்டர் அவளை மறுபடி உட்காரச் சொன்னார். "கஷாயம் எதுவும் நீங்களா குடிக்காதீங்கம்மா. தோட்டத்துத் தழை எதையும் இப்போதைக்கு மருந்தா எடுக்க வேணாம். மகப்பேறு டாக்டர்ட்ட காட்டி, ஏன் கலஞ்சதுன்னு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஒரு தடவ கலஞ்சி அடுத்தது நல்லபடியா பெத்தவங்க எத்தனையோ பேர் இங்கயே வர்றாங்க."

திரும்பி வரும்போது மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தால் பஸ்கள் நிரம்பி வழிந்தன. நின்றுகொண்டே வந்தோம். கம்பியை என்னால் இறுக்கிப் பிடிக்க முடியாது என்று அவள் என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் மகனை வரச்சொல்லி, விழுப்புரத்தில் ஒரு மகப்பேறு டாக்டரிடம் இருவரும் போனார்கள். தைராய்டு கொஞ்சம் ஏறியிருப்பதாகத் தெரிந்தது. மாத்திரையில் அடங்கும் என்று சொல்லி அனுப்பினார்களாம். காரணம் அதுதான் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் செய்வதற்கு ஒன்று கிடைத்ததே அவளுக்குப் பெரிய ஆறுதல்.

பொங்கல் நெருங்கும்போது என் விரல்கள் இளகின. தோசையா, மாத்திரையா, வெந்நீரா, நாள் கடந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் மெஷின் மேலிருந்த போர்வையை எடுத்துவிட்டு அவளுக்கே ஒரு ரவிக்கை வெட்டித் தைத்தேன். ரவிக்கையின் இடது கை கொஞ்சம் கோணிக்கொண்டது. பிரிக்கப் போனேன், விடவில்லை. "அப்டியே கெடக்கட்டும் அத்த" என்று போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

தெருவில் சேதி பரவி, தழை கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தோசைக்கு முடக்கத்தான் கேட்டால் கொடியோடு காட்டிக் கொடுப்பாள். மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரரிடம், "மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கினு வாங்கண்ணா, செடி எங்கயும் போவாது" என்று கறாராகச் சொல்லி அனுப்பினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் டெஸ்ட் எடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. தேறி வந்ததும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார்.

இப்போது அவள் புதுச்சேரி ரோட்டில் இருக்கும் ஒரு நர்சரியில் வேலைக்குப் போகிறாள். மகன் இங்கிருந்தே கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான். ரோஜாவும் செம்பருத்தியும் விற்கிற இடத்தில், ஓரமாக மூலிகைகளுக்கென்று ஒரு வரிசை கேட்டு வாங்கியிருக்கிறாள். நேற்று மத்தியானம் நான் மெஷினில் இருக்கும்போது போன் அடித்தாள்.

"அத்த, வேலைய முடிச்சிட்டு அடுத்த பஸ் புடிச்சி வர்றீங்களா? கல்லு சந்துல ஒரு செடி மொளச்சிருக்குது. போன் ஒரு பேர் சொல்லுது, ஓனர் ஒரு பேர் சொல்றாரு. எனக்கு ரெண்டு மேலயும் நம்பிக்க இல்ல."

பாதி தைத்த துணியை அப்படியே ஊசியில் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன்.