லைன்ல இருக்கேன்க்கா

ஃபெபி அக்காவுக்கு வானொலி தற்செயலாகக் கிடைத்தது. அதற்கு முன் ஆறு ஆண்டுகள் அவர் ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் நின்றபடியே வேலை பார்த்தார். கால் வீங்கத் தொடங்கியதும் விட்டுவிட்டார். படப்பையில் அவர்களுடைய சபையில் ஞாயிறுதோறும் அறிவிப்பு வாசிப்பவர் என்பதால், பென்னலூரில் எங்கள் சமுதாய வானொலிக்கு ஆள் தேடியபோது யாரோ அவரை அனுப்பிவைத்தார்கள். முதல் நாள் மைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கிட்ட போனா கடிக்குமா?" என்று என்னிடம் கேட்டார். ஒலிப்பதிவு மட்டும்தான் என் வேலை. மைக்கின் முன்னால் உட்காரச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரே ஆண்டில் அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். போன் செய்யும் நேயர்களிடம், "மொதல்ல உங்க ரேடியோ சத்தத்தைக் கொறைங்க, இல்லேன்னா உங்க கொரலே உங்களுக்கு ரெண்டு தடவ கேக்கும்" என்பார். அறிவிப்பாளராக ஆசைப்பட்டு வருகிறவர்களிடம், "ஊருக்கே பேசாத. பஸ்ல ஜன்னலோரம் ஒருத்தி தூங்காம உக்காந்துகினு கீறா. அவகிட்ட பேசு" என்பார். வீட்டுமனை விற்கும் சிவசங்கர் பேட்டிக்கு வந்து, மூச்சுக்கு மூச்சு தன் பெயரையும் நம்பரையும் சொன்னபோது அக்கா பாட்டைப் போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நம்பரை ரெண்டு தடவ சொன்னா எழுதிப்பாங்க. ஆறு தடவ சொன்னா ஸ்டேஷன் மாத்திடுவாங்க."

"பேரு நிக்கணும்ல, சிஸ்டர்?"

"நிக்கும் நிக்கும். உங்க பிளாட்ல தண்ணி நிக்கிறாப்பல."

சிவசங்கரே சிரித்துவிட்டார்.

ஆனால் போன் செய்கிறவர்களின் பெயரையும் கம்பெனியையும் மட்டும் ஃபெபி அக்கா முழுதாகச் சொல்வார். நாள் முழுக்க அடையாள அட்டை எண்ணாக இருப்பவர்களுக்குத் தங்கள் பெயர் காற்றில் வருவது பெரிய விஷயம் என்பது அவருக்குத் தெரியும். "பேரைச் சொல்லலேன்னா எதுக்குடி போன் பண்ணுதுங்க?" என்பார்.

'ஒரு நிமிடம் உங்களுடையது' என்ற போட்டி அவர் யோசனைதான். மதிய நிகழ்ச்சியில் யாரும் அழைத்து ஒரு நிமிடம் பேசலாம். நேயர்கள் அதிகம் விரும்பும் குரலுக்குச் சனிக்கிழமை அக்காவின் பக்கத்து நாற்காலி. அதற்குத்தான் அந்தப் பெண் அழைத்தாள். கனிஷ்கா என்று இங்கே சொல்கிறேன், உண்மைப் பெயர் அதுவல்ல.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனில் அந்தக் குரல் கிசுகிசுப்பாகக் கேட்டது.

"ஹலோ, இருக்கீங்களாம்மா?" என்றார் அக்கா.

"லைன்ல இருக்கேன்க்கா."

"சரி, லைன்லயே இருங்க. பாட்டு முடியட்டும். பேரு? எந்தக் கம்பெனி?"

பாட்டு முடிந்தது. அக்கா பெயரைச் சொன்னார், கம்பெனியைச் சொன்னார். "கனிஷ்கா இப்ப லைன்ல இருக்காங்க!" என்று உற்சாகமாக முடித்தார்.

கனிஷ்கா தன் விடுதி அறையைப் பற்றிப் பேசினாள். மூன்று ஷிப்ட்டுப் பெண்கள் ஒரே அறையில் இருப்பதால் எந்நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் எல்லோருமே கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகிவிட்டார்கள், ஊருக்குப் போனாலும் அப்படியே சாத்துவதாக அம்மா திட்டுகிறாள் என்றாள். அவள் பேச்சுக்குப் பின்னால் பொம்மைக் கடிகாரம் பாடுவது போல ஒரு சின்ன மெட்டு திரும்பத் திரும்பக் கேட்டது. பக்கத்தில் யாருடைய போனோ அடிக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை எங்கள் மாடிப்படியின் கீழே பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"நாந்தான்க்கா நேத்து பேசுனேன். வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவ."

போனைக் கம்பெனி வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவள் சாக்ஸுக்குள் மறைத்து எடுத்துப்போயிருக்கிறாள். ஒயர் வந்து சேராமல் அசெம்பிளி லைன் நின்ற நேரத்தில், மேசைக்கு அடியில் குனிந்து பேசியிருக்கிறாள். சூப்பர்வைசர் தன் அறையில் டீ குடித்தபடி வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபெபி அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "லைன்ல இருக்கேன்னியேடி. போன்ல இருக்கேன்னு சொல்றியாக்கும்னு..."

"நான் எங்க லைனச் சொன்னேன்க்கா. நீங்களும் லைன்ல நின்னவுக, புரிஞ்சுக்கிடுவீகன்னு நெனச்சேன்."

அக்கா எழுந்து ஷேர் ஆட்டோவை நிறுத்தினார். மூவருமே ஒரகடத்துக்குப் போனோம்.

கம்பெனி கேட்டில் காவலர் அறைக்கே வந்து பேசினார் ஹெச்.ஆர். அதிகாரி நிர்மல். கடுமையானவராகத் தெரியவில்லை. அக்காவின் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது, பிறகு அடங்கியது.

"சார், ரேடியோல லைன்னா போன் லைன். நான் அதைத்தான் சொன்னேன்."

"இருக்கட்டும் மேடம். பின்னாடி ஒரு மியூசிக் வந்துச்சே, அது எங்க நாலாவது லைன் நின்னா அடிக்கிறது. அது வேற எங்க கேக்கும்?"

அக்கா நின்ற தொழிற்சாலையிலும் லைன் நின்றால் அப்படித்தான் மெட்டு ஒலிக்கும். ஆறு ஆண்டுகள் கேட்டது. கனிஷ்கா பேசிய அந்த ஒரு நிமிடம் அவர் அடுத்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு என்னுது. அவ எங்கேந்து பேசுறான்னு நான் கேக்கல. கேட்டிருந்தா காத்துல விட்டிருக்க மாட்டேன்."

"தப்பு யாருதுன்னு இல்ல மேடம். உள்ள போன் வந்தா வெளிய போகணும். இவங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாருக்கும் விடணும்." சற்றுத் தயங்கி, "பஸ்ல தினமும் உங்களைக் கேக்கறேன்" என்றார்.

திரும்பும் வழியில் அக்கா, "இன்னைக்கு நிகழ்ச்சிய உங்கிட்ட மன்னிப்பு கேட்டுத்தான் ஆரம்பிக்கப் போறேன்" என்றார்.

"வேண்டாம்க்கா. என் பேர இன்னொரு தடவ ரேடியோல சொல்லிராதீக. அடுத்த கம்பெனிக்காரனும் கேட்டுக்கிட்டுதான் இருப்பான்."

பிறகு அவளே கேட்டாள்: "நான் பேசுனது எப்படிக்கா இருந்துச்சு?"

அக்கா சமாதானத்துக்காக எதுவும் சொல்லவில்லை. "மொதல்ல மூச்சு விடாம ஓடினே. கதவு சாத்தறதுக்கு வந்தப்பதான் நிதானமானே. அதுலேந்து நல்லா இருந்துச்சு."

கனிஷ்கா தலையாட்டினாள். கம்பெனி விடுதியையும் அன்றே காலி செய்திருந்ததால் அக்கா அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். பதினெட்டாம் நாள் மறைமலை நகரில் வேறொரு வேலை கிடைத்தது, சம்பளம் குறைவு.

நேயர்கள் அதிகம் விரும்பியது அவள் குரலைத்தான். அந்தச் சனிக்கிழமை பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. யார் ஜெயித்தது என்று கேட்டு வந்த அழைப்புகளுக்கு, "சொல்றதுக்கில்லம்மா" என்று மட்டும் அக்கா சொன்னார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனை வைத்தார்கள்.

மூன்றாவதாக ஒரு பெண் அழைத்தாள்.

"எங்க நின்னு பேசுறீங்கம்மா?" என்றார் அக்கா. இன்னும் காற்றில் விடவில்லை.

"பஸ் ஸ்டாப்புலக்கா."

"உங்க பேரைச் சொல்லலாமா?"

அவள் யோசித்தாள். "வேணாம்க்கா. பாட்டு மட்டும் போடுங்க."

அக்கா பாட்டை மட்டும் போட்டார்.