மூன்றாவது சனலில் என் வீடு

பாராளுமன்றக் குழு அறையின் சுவரோரம் மூன்று கண்ணாடிக் கூண்டுகள் இருக்கின்றன. மூன்றாவது என்னுடையது. அறையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ யார் பேசினாலும், அவர் பேசப் பேசவே நான் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். மேசையில் உள்ள காதுக்கருவியை மாட்டி மூன்றாவது சனலுக்குத் திருப்பினால் என் குரல் கேட்கும். பெரும்பாலும் யாரும் மாட்டுவதில்லை. தமிழ் உறுப்பினர்கள் பலருக்குச் சிங்களமோ ஆங்கிலமோ தண்ணீர்பட்ட பாடு. ஒரேயொருவர்தான் விடாமல் மாட்டுகிறவர். அவர் கூட்டத்துக்கு வருவதோ அத்தி பூத்தாற்போல.

மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் நான் பேசத்தான் வேண்டும். அதற்குத்தான் சம்பளம். காலை ஒன்பதரைக்கு விளக்கு எரிந்தால் வாய் திறக்கும், அணைந்தால் மூடும். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் தமிழ் பேசிவிட்டு வெள்ளவத்தைக்கு வந்து, மாடிக் குடியிருப்பின் கதவைத் திறந்தால், பேச ஒருவரும் இல்லை. அம்மா போய் இரண்டு வருடமாகிறது. அக்கா கனடாவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். கடற்கரை ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும், அதுதான் வீட்டில் கேட்கும் பெரிய சத்தம். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் வீட்டில் நாலு பேரோடு இருந்துகொண்டு சொல்கிறார்கள். எனக்குப் பழகவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. பேசுகிறவர் யாரோ, கூண்டுக்குள் இருப்பவர் அவராகிவிட வேண்டும். அமைச்சின் செயலாளர் ‘நான் வருந்துகிறேன்’ என்றால் நானும் ‘நான் வருந்துகிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவர் வருந்துகிறாராம்’ என்று சொன்னால் புதிதாக வந்தவர்கள்கூடச் சிரிப்பார்கள். அந்தக் கணக்கில் நான் தூதுவராக இருந்திருக்கிறேன், கடற்படை அதிகாரியாக இருந்திருக்கிறேன், கணக்காய்வாளராகவும் இருந்து அவர்கள் எல்லோரையும் கேள்வி கேட்டிருக்கிறேன். வீட்டில் ஒரு தேத்தண்ணி போடவே அலுத்துப்போகிற ஆள் நான்.

அன்றைக்குப் பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சுகளின் செலவுகளை ஆராய்கிற குழு கூடியது. என்னோடு முறை மாறிப் பேசுகிற மற்ற உரைபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். அதனால் கூண்டுக்குள் நான் மட்டும்தான். முதல் ஒரு மணித்தியாலம் வெளிநாட்டுத் தூதரகங்களின் வாடகை பற்றிய பேச்சு. பிறகு பாதுகாப்பு அமைச்சின் முறை வந்தது. வடக்கில் இராணுவ முகாம்களுக்குள் இருக்கும் கட்டடங்களைத் திருத்திய செலவு பற்றிக் கேள்வி எழுப்பப்பட்டிருந்தது. வழமைபோல, பதில் அறிக்கை கடைசி நிமிடத்தில்தான் என் கைக்கு வந்தது. பின்னிணைப்பில் படங்கள் இருந்தன. திருத்துவதற்கு முன், திருத்திய பின் என்று சோடி சோடியாக.

நாலாவது சோடியில் எங்கள் வீடு.

முகப்புக்கு மேலே வட்ட யன்னல். அப்பா ஒருமுறை கப்பலில் போய்வந்த பெருமையில், மேசனோடு சண்டை பிடித்து வைத்தது. ஊரில் அப்படியொரு யன்னல் வேறு எவர் வீட்டிலும் இல்லை. எல்லோரும் அதைச் சொல்லி அப்பாவைப் பகிடி பண்ணுவார்கள். பக்கவாட்டில் மொட்டை மாடிக்குப் போகிற வெளிப்படிக்கட்டும் அப்படியே இருந்தது. சுவருக்கு வெளிர்பச்சை அடித்திருந்தார்கள். அடியில் ‘அதிகாரிகள் உணவகம்’ என்று எழுதியிருந்தது. நாங்கள் அந்த வீட்டை விட்டு ஓடியபோது எனக்குப் பதினேழு வயது.

குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார்: “இது தனியார் வீடு போலத் தெரிகிறதே. சொந்தக்காரர்கள் இருக்க, நீங்கள் எப்படி அரச பணத்தில் திருத்தலாம்?”

அமைச்சின் அதிகாரி எழுந்தார். கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். கோப்பைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில் பதில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“நான் இந்தக் கோப்பை முழுமையாகப் பார்த்தேன். காணிக்கு உரிமை கோரி விண்ணப்பிக்கும்படி பலமுறை அறிவித்தோம். இந்த வீட்டுக்கு இன்றுவரை யாரும் வரவில்லை. அதனால் எங்கள் சொந்த வீட்டைப் போலவே பராமரித்து வருகிறோம்.”

அதோடு என் வாய் நின்றுவிட்டது. அதிகாரி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். கூரை மரம், நீர்க்குழாய், கிணற்றுக் கட்டு என்று ஏதேதோ. நான் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் சனலைச் சும்மா விடுவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அதைச் செய்தேன். பிறகு அதைவிடப் பெரியதையும் செய்தேன்.

“அந்த வீட்டுக்கு ஆள் இருக்கு,” என்றேன் ஒலிவாங்கியில். “அது என்ரை அம்மான்ரை சீதனக் காணி. என்ரை அப்பா கட்டின வீடு. நான் இஞ்சைதான் இருக்கிறன். உங்களுக்கு முன்னாலதான் இருக்கிறன்.”

கண்ணாடிக்கு வெளியே ஒரு தலையும் திரும்பவில்லை. காதுக்கருவிகள் மேசையில் வரிசையாகக் கிடந்தன. ஒருவர் தன்னுடையதைத் தாள்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தார். வழக்கமாக மாட்டுகிற உறுப்பினரின் நாற்காலி அன்றைக்கும் வெறுமைதான்.

ஒலிப்பதிவு பார்க்கிற தொழில்நுட்பவியலாளர் மட்டும் பின்கதவைத் தட்டி எட்டிப்பார்த்தார். தமிழ் தெரியாத மனிதர். “அக்கே, சிவப்புக்குப் போயிட்டுது. கொஞ்சம் மெதுவாப் பேசுங்கோ,” என்று சிங்களத்தில் சொன்னார். குரல் கூடினால் அவருடைய கருவியில் சிவப்பு விளக்கு எரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் ஆத்திரம் வடிந்து மற்றது தெரிந்தது. அதிகாரி பொய் சொல்லவில்லை. யாரும் வரவில்லை என்றார், உண்மையிலேயே யாரும் வரவில்லை. வந்திருக்க வேண்டியவள் நான்.

உரிமை கோரிப் பதியச் சொல்லி முதல் அறிவித்தல் வந்தபோது, அம்மா காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து என் கையில் தந்தார். “பிள்ளை, நீ ஒருக்காக் கச்சேரிக்குப் போய்ப் பதிஞ்சிட்டு வா. எனக்கு அவ்வளவு தூரம் பஸ்ஸில இருக்கேலாது,” என்றார். மாவட்டச் செயலகத்துக்கென்று நான் லீவு போட்டுப் புறப்பட்டேன். கோட்டை பஸ் நிலையம் வரைக்கும் போனேன். அந்த மாதம்தான் என் பாதுகாப்பு அனுமதியைப் புதுப்பிக்க இருந்தது. பாராளுமன்றத்துக்குள் வேலை செய்யும் தமிழ்ப் பெண், இராணுவத்திடம் காணி கேட்கிறவர்களின் பட்டியலில் பெயர் கொடுத்தால் என்ன கேட்பார்களோ, வேலை போய்விடுமோ என்ற எண்ணம் விடவில்லை. எவரும் என்னை வெருட்டவில்லை. பழைய பயம், தானாகவே எழும்பி வந்தது. பஸ் ஏறவில்லை. பகல் முழுவதும் கொட்டாஞ்சேனையில் கோயில் வாசலில் இருந்தேன். இரவு சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் தங்கி, அடுத்த நாளும் அப்படியே கழித்துவிட்டு வீட்டுக்குப் போய், “பதிஞ்சிட்டன் அம்மா,” என்றேன்.

அதற்குப் பிறகு நாலு வருடம் அம்மா தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கடிதம் வந்ததே?” என்பார். “இன்னும் இல்லை. அவங்கள் மெல்லத்தான் செய்வாங்கள்,” என்பேன். அப்படிச் சொல்லும்போது அரசாங்கத்தைத் திட்டவும் செய்வேன், பொய் பொருந்தி வரட்டும் என்று. களுபோவில ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமையிலும் கேட்டார். அன்றைக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன். அரசாங்கம் கடிதம் போடவில்லை என்ற மனக்குறையோடு அம்மா போனார். அந்தக் குறைக்குச் சொந்தக்காரி பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு என்னை வைத்தே அதைச் சொல்ல வைத்துவிட்டார்கள். யாரும் வரவில்லை என்று, என் வாயாலேயே. நான் உண்மையைச் சொன்னதும் யாருக்கும் கேட்காத சனலில்தான். என் துணிச்சல் அவ்வளவுதான் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

தேநீர் இடைவேளைக்கு விளக்கு அணைந்தது. நான் கூண்டை விட்டு இறங்கி, நேரே அந்த அதிகாரியிடம் போனேன். உரைபெயர்ப்பாளர்கள் சாட்சி சொல்ல வந்தவர்களோடு கதைப்பது வழக்கமில்லை. அவர் கையில் தேநீர்க் கோப்பையோடு பற்றீஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். பின்னிணைப்பைத் திறந்து நாலாவது படத்தைக் காட்டி, “சேர், இது எங்கள் வீடு,” என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மொழிபெயர்க்கிற மிஸ் அல்லவா நீங்கள்? பிறகு ஏன் இவ்வளவு காலமாக வரவில்லை?”

“பயம், சேர்.”

“யாரைக் கண்டு?”

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

“உங்களைக் கண்டுதான்,” என்றேன்.

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு பேனாவை எடுத்து, படத்தின் ஓரத்தில் என் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டார். உறுதி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். யார் பெயரில் என்று கேட்டார். அம்மாவின் பெயரில் என்றேன்.

“அப்படியென்றால் சிக்கல் இல்லை,” என்றார். என்னைத் தேற்றுகிற குரலில், முகம் மலர்ந்து சொன்னார். “அம்மாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள் மிஸ். அவர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.”